அவள் பெயரை நான் சொன்ன காலம்

என் மகளின் பெயரை அவளைவிட அதிக முறை சொன்னவன் நான்தான்.

பெயரைக் கேட்பது ரொம்பச் சாதாரணமான விஷயம். ரேஷன் கடையில் கேட்பார்கள். ஊசி போடுகிற நர்ஸம்மா கேட்பார். என் ஷேர் ஆட்டோவில் கூடையோடு ஏறுகிற கீரைக்கார அம்மா அவள் கன்னத்தைக் கிள்ளிக்கொண்டே கேட்பார்: "உம் பேரு இன்னா கண்ணு?" அவள் வாயைத் திறப்பாள். முதல் எழுத்து உதட்டில் வந்து ஒட்டிக்கொள்ளும். கழுத்து நரம்பு புடைக்கும், இமை படபடக்கும், வலது கால் தரையைத் தட்டும். அதற்குள் நான் சொல்லிவிடுவேன். பெயர், வகுப்பு, பிடித்த பலகாரம், மூன்று வயதில் வரப்பிலிருந்து சேற்றில் விழுந்த கதை, எல்லாம். கேட்டவர்கள் சிரித்துக்கொண்டே இறங்குவார்கள். பிள்ளையைக் காப்பாற்றிவிட்டேன் என்று எனக்கும் நிம்மதி. அவள் வாயை மூடிக்கொண்டு ஓடுகிற வயலைப் பார்ப்பாள்.

அந்தப் பெயரை இங்கே நான் எழுதப்போவதில்லை. அதற்குக் காரணம் உண்டு.

நான் எட்டாவது வரைக்கும்தான் பள்ளிக்கூடம் போனேன். மிச்சத்தை உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுக்கும் மானாம்பதிக்கும் நடுவில் கற்றுக்கொண்டேன். ஆட்டோவில் ஏறுகிறவர்கள் சொல்கிற சொல்லெல்லாம் எனக்குப் பலகாரம் மாதிரி. உடம்பு எப்படி இருக்கு பெரியவரே என்று கேட்டால் ஒருவர் சொன்னார், "இஞ்சின் ஓடுதுப்பா, ஆரன்தான் அடிக்கல." சித்திரை மாதத்தில் ஏறிய ஓர் அம்மா முந்தானையால் விசிறிக்கொண்டு, "இந்த வெயிலு இன்னாடா, சொந்தக்காரி மாதிரி வந்து கட்டிக்கிது" என்றார். இதையெல்லாம் மனசில் முடிந்துவைத்துக்கொண்டு வீட்டில் வந்து கொட்டுவேன். என் மனைவி ஒரகடத்துக் கம்பெனி வேலைக்கு வேன் ஏறிப் போய்வருகிறவள். அவள் தலையைத் துவட்டிக்கொண்டே, "ஆரம்பிச்சிட்டியா, ரேடியோவுக்காச்சும் காதத் திருவி அணைக்கலாம்" என்பாள். மகள் சிரிப்பாள். சத்தமில்லாமல்தான் சிரிப்பாள்.

பள்ளிக்கூடத்தில் காலையில் பெயர் கூப்பிடும்போது 'உள்ளேன் டீச்சர்' என்று சொல்ல வேண்டும். மூன்றாம் வகுப்பில் அது அவளுக்கு மலை ஏறுகிற மாதிரி ஆகிவிட்டது. 'உ' என்று ஆரம்பித்து நிற்பாள். பின்னால் ஒரு பையன் 'உ... உ... உ...' என்று ரயில் விடுவான். வகுப்பே சிரிக்கும். அந்த டீச்சரும் கெட்டவரில்லை. நாற்பது பிள்ளைகள், முடிக்க வேண்டிய பாடம். காத்திருக்க நேரமில்லாமல் அடுத்த பெயருக்குப் போய்விடுவார். ஒரு மாதம் கழித்து என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். "உங்க பொண்ணு நிறைய நாள் லீவு போட்டிருக்காளே?" வருகைப் பதிவேட்டில் வரிசையாக அவள் வரவில்லை என்று இருந்தது. தினமும் நானே கொண்டுபோய் வாசலில் இறக்கிவிட்ட பிள்ளை. வகுப்பில் உட்கார்ந்தபடியே அவள் இல்லாமல் போயிருந்தாள்.

அதற்குப் பிறகு காலையில் வயிற்றுவலி. ஒரு நாள் யூனிஃபார்ம் போட்டதும் வாந்தி. வாலாஜாபாத்தில் டாக்டரிடம் காட்டினோம். வயிற்றில் ஒன்றுமில்லை என்றார். பள்ளிக்கூடத்தில் அவள் வாயே திறப்பதில்லை என்று ஆயிற்று.

அந்தச் சமயத்தில்தான் மானாம்பதிக்கு முந்தைய திருப்பத்தில் இறங்குகிற ஓர் அக்காவின் பழக்கம் கிடைத்தது. பட்டணத்தில் வாத்தியார் வேலையை விட்டுவிட்டு இங்கே நிலம் வாங்கி வந்தவர். முதலில் மேடம் என்றேன். "மேடம் எல்லாம் வேணாம், என்னைப் பாத்தா வயசானவளாவா தெரியுது?" என்றார். முடி முழுக்க வெள்ளை. நான் வழக்கம்போல என் மகள் கதையைத் திருப்பம் வரும்வரை சொன்னேன். அவர் இறங்கி நின்றுகொண்டு சொன்னார்: "நாங்க ஏழெட்டுக் குடும்பம், பிள்ளைங்களைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாம நாங்களே சொல்லிக்குடுக்கிறோம். வாரத்துல மூணு நாள் என் தோட்டத்துல கூடுவோம். மத்த நாள் அவங்கவங்க வீட்டுல. வந்து பாருங்க. பிள்ளையையும் கூட்டிட்டு வாங்க."

வீட்டில் சொன்னேன். என் மனைவி சோற்றைப் பிசைவதை நிறுத்தினாள்.

"காசு கீறவங்க புள்ளைய இஸ்கோலுக்கு அனுப்பலனா அது ஃபேஷன். நாம அனுப்பலனா, இன்னா சொல்வாங்க தெரிமா? புள்ளைய கூலிக்கு அனுப்பிட்டான்னுவாங்க."

"அதெல்லாம் இல்லமே. அங்கயும் படிப்புதான். பெரிய பரீட்சைய தனியா எழுதிக்கலாமாம்."

"எங்கப்பன் ஏர் புடிச்ச கையோட என்னக் கொண்டாந்து பள்ளிக்கூடத்துல உட்டான்யா. எங்க தெருவுல மொதல்ல பத்தாவது முடிச்சவ நானு. எம் பொண்ண நான் வெளிய இட்டாரணுமா?"

அவள் அழுது நான் அதிகம் பார்த்ததில்லை. அன்று அழுதாள். மறுநாள் காலை மகள் யூனிஃபார்மோடு கழிவறையில் உட்கார்ந்துகொண்டு வெளியே வர மறுத்தாள். கதவுக்கு இந்தப் பக்கம் நின்றிருந்த என் மனைவி, வேனுக்கு நேரமாகிறது என்று செருப்பை மாட்டிக்கொண்டு, என்னைப் பார்க்காமல், "இட்டுக்கினு போ" என்றாள். அப்படித்தான் நாங்கள் அந்தக் கூட்டத்தில் சேர்ந்தோம்.

அந்தத் தோட்டத்தில் ஒரு வழக்கம். காலையில் எல்லோரும் வேப்ப மரத்தடியில் வட்டமாக உட்கார்ந்து விதைக்கடலை உரிப்பார்கள். பெரியவர்கள், பிள்ளைகள், யாரானாலும். கடலை இல்லாத மாதத்தில் புளியில் கொட்டை எடுப்பார்கள், தென்னங்கீற்றில் ஈர்க்குச்சி சீவுவார்கள். கை வேலை செய்யும், பேச்சு தானாக நடக்கும். ஒருவர் பேசும்போது மற்றவர்கள் யாரும் அவர் முகத்தைப் பார்க்கக் கூடாது. கையைத்தான் பார்க்க வேண்டும். அவர் முடிக்கும்வரை யாரும் வாயைத் திறக்கக் கூடாது, எவ்வளவு நேரமானாலும். அக்கா சொன்ன விதி அது ஒன்றுதான்.

விதைக்கடலை உரிப்பதற்கும் பக்குவம் உண்டு. ஓட்டின் மூக்கில் கட்டைவிரலால் மெள்ள அமுக்க வேண்டும். அவசரப்பட்டு நசுக்கினால் பருப்பின் செந்தோல் உரிந்துவிடும், அப்புறம் முளைக்காது. என் பக்கத்தில் உட்கார்ந்தவர் கம்ப்யூட்டர் வேலையை விட்டுவிட்டு ஆடு வளர்க்கிற ஓர் அண்ணன். என் குவியலைப் பார்த்துவிட்டு, "உங்க கடலை விதைக்கு ஆகாது, சட்னிக்குத்தான்" என்றார்.

முதல் நாளே அக்கா கையிலிருந்த கடலையைப் பார்த்தபடி கேட்டார்: "பாப்பா, நீ என்ன பேருல கூப்பிட்டா உனக்குப் பிடிக்கும்?"

மகளின் உதடு குவிந்தது. கால் தட்ட ஆரம்பித்தது. ஓடு உடைகிற சத்தம் மட்டும் கேட்டது. ஒருவரும் தலையைத் தூக்கவில்லை. ஐந்து கடலை உரித்திருப்பேன். சொல்லிவிட்டேன். பெயரையும் சொல்லி, வீட்டில் கூப்பிடுகிற செல்லப்பெயரையும் சொல்லி, அது எப்படி வந்தது என்ற கதையையும் சொன்னேன்.

யாரும் திட்டவில்லை. அக்கா, "அவகிட்டத்தான் கேட்டேண்ணா" என்றார். அவ்வளவுதான். மகள் கையிலிருந்த கடலையை உரிக்காமலே கூடையில் போட்டாள்.

அடுத்த முறையும் அப்படித்தான் செய்தேன். அதற்கு அடுத்த முறை வாயில் துண்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். அப்பொழுதும் ஒரு வார்த்தையை எடுத்துக்கொடுத்துவிட்டேன். பள்ளத்தில் கால் வைக்கப்போகிற பிள்ளையைப் பார்த்தால் கை தானாக நீளுமே, அந்த மாதிரிதான். ஒரு மாதம் கழித்து அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "இங்க ஒவ்வொரு அப்பா அம்மாவும் தன்கிட்ட இருக்கறதக் குடுக்கணும். நீங்க சின்னப் பசங்க வட்டத்துல உட்காந்து உங்க ஆட்டோக் கதையெல்லாம் சொல்லுங்க. பாப்பா பெரிய பசங்களோட கொட்டகைப் பக்கம் உட்காரட்டும்." எனக்கு ஒரே பெருமை. படிக்காதவனை வாத்தியாராக்கிவிட்டார்களே என்று சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு போனேன். என்னை அங்கிருந்து நகர்த்தியிருக்கிறார்கள் என்று எனக்குப் புரியவில்லை.

அந்தச் சின்னப் பிள்ளைகள் என்னை விடவே மாட்டார்கள். ஆரன் அடிக்காத பெரியவரை நடித்துக் காட்டச் சொல்வார்கள். அடுத்தவர் பிள்ளைகள் என் பேச்சில் விழுந்து புரண்டு சிரிக்கும். என் பிள்ளை கொட்டகையில் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பாள். நான் இருக்கிற வரைக்கும் அந்த முதுகு அசையாது.

ஒரு நாள் பதினொரு மணிக்குச் சவாரி ஒன்றை விட்டுவிட்டு அந்தப் பக்கமே வந்தேன். அப்போது ஆடு குட்டி போட்டிருந்ததால் வேலியருகே இஞ்சினை அணைத்துவிட்டு நடந்து வரச் சொல்லியிருந்தார்கள். அணைத்துவிட்டு நடந்தேன். கொட்டகையின் கீற்றுக்குப் பின்னால் ஒரு பெண் பிள்ளை பேசிக்கொண்டிருந்தது. யார் குரல் என்று எனக்குத் தெரியவில்லை. புதுக் குடும்பம் ஏதோ சேர்ந்திருக்கிறது என்று நினைத்தேன். பெற்றவன் நான். அந்தக் குரலை எனக்கு அடையாளம் தெரியவில்லை.

"நீ ஏன் உங்கப்பா இருந்தா பேசவே மாட்டேங்கற?" ஆடு வளர்க்கிற அண்ணனின் மகள் கேட்டாள்.

ஓடு உடைகிற சத்தம். ஒரு கை நிறைய உரித்திருப்பார்கள். யாரும் குறுக்கே பேசவில்லை.

"நை... நை... நைனாவுக்கு வலிக்கும்."

"உனக்குத் திக்குனா அவருக்கு ஏன் வலிக்கும்?"

"தெ... தெரில. மூஞ்சி அப்பிடிப் போவும். ப... ப... பல்லு வலிக்கறவங்க மாதிரி. பாவமா இருக்கும். அதான் நான் உ... உட்டுட்டேன்."

குற்றம் சொல்கிற குரலில்லை அது. மழை வரும்போல இருந்தது, அதான் துணியை எடுத்துவிட்டேன் என்பது மாதிரி சொன்னாள்.

நான் சத்தம் போடாமல் திரும்பி நடந்தேன். ஆட்டோவை இஞ்சின் போடாமல் திருப்பம் வரைக்கும் தள்ளிக்கொண்டு போனேன். அங்கே ரோட்டோரத்தில் உட்கார்ந்திருந்தேன். அறுவடை மிஷின் ஒன்று போனது, டிரைவர் "பஞ்சரா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். பிறகு வழக்கமான நேரத்துக்கு, அப்போதுதான் வருகிறவன் மாதிரி, ஆரன் அடித்துக்கொண்டு போய் அவளை ஏற்றிக்கொண்டேன்.

சாயங்காலம் மனைவி வந்ததும் கேட்டேன்.

"ஏ, அவ பேசும்போது எம் மூஞ்சி எப்பிடிப் போவுது?"

அவள் கைப்பையை ஆணியில் மாட்டினாள். "எவன் சொன்னான் உனக்கு?"

"அவளேதான். எங்கிட்ட இல்ல. அங்க புள்ளைங்ககிட்ட சொல்லிக்கினு இருந்தா."

"பேசினாளா?" அவள் கண் அப்படியே விரிந்தது. "எவ்ளோ நேரம் பேசினா?"

"ரொம்ப நேரம். உனக்கு முன்னாடியே தெரிமா மே? எம் மூஞ்சி?"

"நாங்க ரெண்டு பேரும் அஞ்சு வருசமா அத்தத்தான் பாத்துக்கினு கீறோம்."

"ஏன் சொல்லல எங்கிட்ட?"

"எங்க சொல்றது? நீ பேசி முடிச்சாதானய்யா."

சொல்லிவிட்டு அவளுக்கே தாங்கவில்லை. பக்கத்தில் வந்து உட்கார்ந்து என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

மறுநாள் ஸ்டாண்டில் ஆட்டோக் கண்ணாடியில் முகத்தைப் பார்த்தேன். அவள் திக்குவதை மனசில் நினைத்துக்கொண்டு பார்த்தேன். வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது, கண் சுருங்கியது. பல் வலிக்காரன்தான். பிள்ளை சரியாகத்தான் சொல்லியிருந்தாள். முகத்தைச் சும்மா வைத்துக்கொள்ளப் பழகிப் பார்த்தேன். சவாரிக்கு வந்த அம்மா ஒருவர், "இன்னாபா, கண்ணாடிய மொறைச்சிக்கினு கீற?" என்றார். ஒரு வாரம் பழகினேன். நினைக்கிற அந்தக் கணத்தில் முகம் எனக்கு முன்னால் ஓடிவிடுகிறது. அக்காவிடம் சொன்னேன். அவர் யோசித்துவிட்டு, "நீங்க அவமேல வெச்சிருக்கற பாசந்தாண்ணா அது. ஆனா அவளுக்கு அது வேற மாதிரி தெரியுது" என்றார்.

அதனால் கண்ணாடியைத் திருப்பி வைத்தேன். பின் சீட்டிலிருந்து பார்த்தால் என் முகம் தெரியாதபடிக்கு, மேலே கூரையைப் பார்க்கிற மாதிரி. தோட்டத்துக்குள்ளும் போவதை நிறுத்திவிட்டேன். வேலியருகே இறக்கிவிட்டுத் திரும்பிவிடுவேன். சின்னப் பிள்ளைகள் ஓடி வந்து, "ஆட்டோ மாமா, உள்ள வா" என்று இழுப்பார்கள். சவாரி இருக்கிறது என்பேன்.

ஒரு நாள் கீரைக்கார அம்மா ஏறினார். ஏறியதும் பழக்கத்தில் கேட்டார்: "உம் பேரு இன்னா கண்ணு?" அவருக்கு மறந்திருக்காது, சும்மா கேட்பதுதான். ஏரிக்கரை தாண்டிக்கொண்டிருந்தோம். கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். பின்னால் கால் தட்டுகிற சத்தம் கேட்டது. ரோட்டைப் பார்த்துக்கொண்டே ஓட்டினேன். என் முகம் எப்படிப் போயிற்றோ, நல்லவேளை, யாருக்கும் தெரியவில்லை. பெட்ரோல் பங்க் வந்தபோது அவள் முடித்திருந்தாள். முழுப் பெயர். நான் எத்தனையோ முறை சொன்ன பெயர்தான். அவள் சொல்லும்போது வேறு யாருடைய பெயரோ போல, புதிதாக, பெரிதாக இருந்தது. அதற்குமேல் அந்தப் பெயரைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எழுதவும் கை வரவில்லை.

"அடி ராசாத்தி, எவ்ளோ நல்ல பேரு" என்றார் அந்த அம்மா, முதல் முறை கேட்பவர் மாதிரி.

அன்றிலிருந்து அவள் ஆட்டோவில் பேசுகிறாள். என் முதுகோடு பேசுகிறாள். வண்டி நின்று நான் இறங்கித் திரும்பினால் நிறுத்திவிடுகிறாள். வீட்டில் எதிரில் உட்கார்ந்தால் சொல்ல வந்ததை என் முகத்தைப் பார்த்து விழுங்கிக்கொள்கிறாள். அம்மாவிடம் பேசுகிறாள், ஆட்டுக்குட்டியிடம் பேசுகிறாள். சாப்பிடும்போது நான் தட்டை எடுத்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார ஆரம்பித்தேன். "செவுத்துக்கு ஊட்டறியா?" என்று என் மனைவி கேட்டாள். அப்புறம் அவளும் கேட்பதை விட்டுவிட்டாள்.

பேசுவதையும் குறைத்துக்கொண்டேன். நான் நிறுத்தினால்தானே அவளுக்கு இடம் கிடைக்கும். சவாரியில், "இன்னாபா, ரேடியோ ரிப்பேரா?" என்கிறார்கள். ஒருவர் சொன்ன நல்ல சொல்லொன்று மனசில் வந்து உட்கார்ந்தால் அதை அங்கேயே இருக்கட்டும் என்று விட்டுவிடுகிறேன். சில நாளில் மறந்துபோகிறது.

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தோட்டத்திலிருந்து அரை மூட்டை விதைக்கடலை வந்திருந்தது. ஒவ்வொரு வீட்டுக்கும் கொஞ்சம் பங்கு, உரித்துத் திருப்பித் தர வேண்டும். என் மனைவி துணி துவைக்கப் போயிருந்தாள். நான் வாசல் பக்கம் பார்த்து உட்கார்ந்து உரித்துக்கொண்டிருந்தேன். மகள் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். எதிரில் இல்லை, பக்கத்தில். முறத்தை நடுவில் வைத்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் இருவரும் உரித்தோம். அவள் கடலை ஒன்றுகூடத் தோல் உரியவில்லை.

"நை... நைனா."

நான் கையைப் பார்த்தேன். முறத்தையும் கடலை ஓட்டையும் பார்த்தேன். திரும்பவில்லை.

"நீ ஏ... ஏன் இப்போல்லாம் க... கதையே சொல்றதில்ல? எ... எம்மேல கோவமா?"

கோபமில்லை கண்ணு என்று சொல்ல வாயைத் திறந்தேன். வரவில்லை. உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. ஊரெல்லாம் ரேடியோ என்று பெயர் வாங்கியவன், சின்னச் சொல் ஒன்றுக்காக வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தேன்.

ஓரக்கண்ணால் பார்த்தேன். அவள் என் பக்கம் திரும்பவில்லை. எடுத்துக்கொடுக்கவும் இல்லை. தலையைக் குனிந்து, கட்டைவிரலால் மூக்கில் அமுக்கி, ஒரு கடலையை உரித்தாள். அடுத்ததை எடுத்தாள். அங்கே கற்றுக்கொடுத்த மாதிரியே, எவ்வளவு நேரமானாலும் பரவாயில்லை என்கிற மாதிரி, எனக்காகக் காத்துக்கொண்டிருந்தாள்.